கத்தி படாத வைத்தியம்

“வெட்டினவையோ?” என்பதே இப்போது எம்மவர் முதலிற் கேட்கும் கேள்வி. ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பினார் என்று கேள்வியுற்றுப் பார்க்க வருவோர், கொண்டுவந்த தோடம்பழங்களை மேசைமீது வைக்குமுன்பே அதைக் கேட்டுவிடுகின்றனர். “இல்லை, மருந்தோடு விட்டுவிட்டார்கள்” என்று விடை கிடைத்தால் கேட்டவர் முகத்திற் சிறியதோர் ஏமாற்றம் படர்வதையும் காண்கின்றோம். எம் பாட்டன்மார் காலத்திற் சத்திரசிகிச்சை என்ற சொல்லைக் கேட்டவுடனே வீட்டில் அழுகுரல் எழும். இன்றோ, கத்தி படாத வைத்தியம் அரை வைத்தியம் என்று எண்ணுமளவுக்குக் காலம் மாறிவிட்டது. இம்மாற்றத்தின் நன்மை தீமைகளை வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, கத்தி படாமலே மூச்சுக்கு வழிதிறக்கும் ஒரு வைத்தியத்தைப் பற்றி இன்று எழுத விரும்புகின்றோம். பிறந்த குழந்தைகளிற் சிலர்க்கு முகவெலும்புகளின் அமைப்புக் குறையால் உண்டாகும் மூச்சுத்தடையே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை நாம் நூல்களிலிருந்து மட்டும் அறிந்தோமல்லோம். எம் தமக்கையாரின் மகள் மணமுடித்து, ஜேர்மனியில் ஸ்டுட்காட் நகருக்கு அண்மையில் வாழ்கின்றாள். அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. செய்தி வந்த அன்று தமக்கையார் அயலெங்கும் கற்கண்டு வழங்கினார். மூன்றாம் நாள் இரவு மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, பிள்ளை பால் குடிக்கேக்கை நீலம் பாரிக்குது. நித்திரையிலை குறட்டை விடுது. நாடியே இல்லாத மாதிரிக் கிடக்கு” என்றாள். தொலைபேசித் திரையிலே குழந்தையின் முகத்தைப் பக்கவாட்டிற் காட்டினாள். மேலுதட்டுக்கு நேர்கீழே இருக்கவேண்டிய கீழுதடும் நாடியும் பின்வாங்கிக் கழுத்தோடு சேர்ந்து கிடந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சின் கீழ்ப்பகுதி குழிந்து குழிந்து எழுந்தது. எம் அருகில் நின்ற தமக்கையார், “எங்கடை அப்புவின்ரை குறட்டையெல்லோ” என்று சிரிக்க முயன்றார். பெரியவரின் குறட்டை அயலிற் படுப்போர்க்கே துன்பம். பிறந்து மூன்று நாளான குழவி குறட்டை விட்டால், அதன் மூச்சுப்பாதையில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கின்றது என்பது பொருள்.

உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு உயிரியல் கற்பிப்பவர் என்ற முறையில், அந்தக் குறுக்கீடு யாதென்பதைச் சற்று விரித்துரைக்க வாசகர் இடந்தருவாராக. பிறந்த குழந்தை முதற்சில மாதங்கள் பெரும்பாலும் மூக்காலேயே சுவாசிக்கின்றது. நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. மூக்கின் வழியாக வரும் காற்று நாவின் அடிப்பகுதிக்குப் பின்னேயுள்ள ஒடுங்கிய பாதையைக் கடந்தே சுவாசக்குழலை அடைதல் வேண்டும். நாக்கோ கீழ்த்தாடையின் உட்புறத்தில் வேரூன்றிய தசைத்திரள். தாடை முன்னே நின்றால் நாக்கும் முன்னே நிற்கும். தாடை சிறுத்துப் பின்வாங்கினால் நாக்கும் பின்வாங்கி, அந்தப் பாதையின்மீது விழும். விழித்திருக்கும்போது தசைகள் இறுகி நாக்கைத் தாங்கிக்கொள்ளும். நித்திரையில், விசேடமாகக் கனவு காணும் நித்திரையில், அத்தாங்கல் தளர்ந்துபோகும். பகலில் வந்து பார்த்த உறவினர் “பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை” என்று சொல்லிப் போவதும், இரவிற் காவலிருந்த தாய் விடியுமளவும் அழுவதும் இதனாலேயே.

இத்தகைய குழந்தை காற்றை உள்ளிழுக்க நெஞ்சாலும் வயிற்றாலும் போராடுகின்றது. குடித்த பாலின் பயனிற் பெரும்பகுதி இப்போராட்டத்திலேயே செலவாகிவிடும். ஆகவே நிறை ஏறாது. பாலை உறிஞ்சி, விழுங்கி, இடையிடையே மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக நடத்த முடியாமையாற் குடிக்கும் பாலும் குறையும். வைத்தியர்கள் மூச்சுக்கருவியைப் பார்க்கும் அதே கவனத்தோடு தராசையும் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

அங்குள்ள வைத்தியர்கள் நோய்க்குப் பெயர் சொல்ல நெடுநேரம் எடுக்கவில்லை. பியர் ரொபின் தொடர் என்றார்கள். பியர் ரொபின் என்பவர் 1867ஆம் ஆண்டு பிறந்து 1950ஆம் ஆண்டு மறைந்த பிரெஞ்சுக்காரர். பாரிஸ் நகரில் வாய், பல் நோய்களுக்கு வைத்தியஞ் செய்தவர். நாவின் அடி பின்னே விழுதல் மூச்சுத்தடைக்கு ஒரு காரணம் என்று 1923ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவருக்கு முன்னரே, 1891ஆம் ஆண்டில், இலான்லோங்கு, மெனார் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் இத்தகைய குழந்தைகளை வருணித்திருந்தனர். எனினும் பெயர் நிலைத்தது ரொபினுக்கே. கீழ்த்தாடை மேற்றாடைக்கு ஒரு சென்டிமீற்றருக்கு மேற் பின்வாங்கிய குழந்தை எதுவும் ஒன்றரை வயதைத் தாண்டி வாழ்ந்ததைத் தாம் கண்டதில்லை என்று அவர் எழுதினார். அவ்வளவு கொடிய நிலைமை அன்று. அவர் கையிலிருந்த மருந்து என்ன? குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலூட்டச் சொன்னார். கீழ்த்தாடையை முன்னே கொண்டுவருவதற்கென்று ஒரே துண்டாலான வாய்க்கருவியொன்றை 1902ஆம் ஆண்டளவிலேயே செய்திருந்தார். அறுவை மேசைக்குப் போகாமல், பல் வைத்தியரின் பட்டறையிலிருந்தே மூச்சுக்கு வழிதேடியவர் அவர் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வாராக.

நோய் என்னாது ‘தொடர்’ என்று சொல்வதற்குக் காரணமுண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று தொடர்ந்து பிறக்கின்றது. கருவிலே எமது அண்ணம் தொடக்கத்தில் ஒரே கூரையாக இருப்பதில்லை. இருபுறமும் இரண்டு தட்டுக்கள் நாவின் பக்கங்களிலே தொங்கிக்கொண்டிருக்கும். கீழ்த்தாடை வளர, நாக்குக் கீழிறங்கி இடம்விடும். அப்போது தட்டுக்கள் இரண்டும் மேலெழுந்து நடுவிற் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். தாடை சிறுத்துவிட்டாலோ நாக்கு இறங்க இடமின்றி நடுவிலேயே நின்றுவிடுகின்றது. வாயிற்படியில் ஓர் ஆள் அசையாது நின்றால் இரட்டைக் கதவைச் சாத்த முடியுமா? எம் மருமகளுக்கு இந்த உவமையைத்தான் சொன்னோம். குழந்தையின் அண்ணத்தில் அகன்ற பிளவொன்று இருந்ததற்கும், நாடி சிறுத்ததற்கும், மூச்சு முட்டியதற்கும் மூன்று காரணங்கள் தேடவேண்டியதில்லை. ஏறத்தாழ 8,000 முதல் 14,000 வரையான பிறப்புக்களில் ஒன்றில் இத்தொடர் காணப்படுகின்றது.

சில குழந்தைகளில் இது தனித்து நிற்கும். வேறு சிலரில் ஸ்ரிக்லர், திரெச்சர் கொலின்ஸ் முதலிய பெயர்களால் வழங்கும் பரம்பரைக் கோளாறுகளின் ஒரு பகுதியாக வரும். ஆகவே பரம்பரையலகுகளையும் கண்களையும் செவிகளையும் சோதித்துப் பார்த்தல் அவசியமாகின்றது. ஸ்ரிக்லர் கோளாறுள்ள பிள்ளைக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழன்று பார்வை கெடவுங்கூடும் என்பதால், இச்சோதனையை ‘தேவையற்ற செலவு’ என்று ஒருவரும் ஒதுக்கலாகாது.

காரணம் தேடுதல் மனிதர் இயல்பு. நூலிலே இல்லாத காரணம் எமது வீட்டிலே தயாராக இருந்தது. “தம்பி, அவள் பிள்ளைத்தாச்சியாய் இருக்கேக்கை கிரகணம் ஒண்டு வந்ததெல்லே. கவனியாமல் வெளியிலை போயிருப்பாள்” என்றார் தமக்கையார். மகளை நோகச்செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. தாம் கேட்டு வளர்ந்ததைச் சொன்னார். அண்ணம் பிளந்த பிள்ளையென்றாற் கிரகணம் என்பது எமது ஊர்களில் இன்றும் மாறாத தீர்ப்பு. அத்தீர்ப்பு எப்போதும் தாயின் தலையிலேயே விழும். கிரகணத்தன்று வெளியே திரிந்த தந்தையை எவரும் விசாரித்ததாக நாம் கேள்விப்படவில்லை. மருமகளோ கிரகணத்தை நம்புகிறவள் அல்லள். அவள் தன் பங்குக்கு வேறொரு குற்றத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்: எட்டாம் மாதம்வரை வேலைக்குப் போனதும், பேருந்தில் நின்றபடி பயணஞ் செய்ததும். உண்ணாமலும் உறங்காமலும் இருந்துவிட்டுப் பாற்சுரப்பும் குறைந்துபோயிற்று என்று தாதியொருத்தி கூறியபோதுதான் எமக்குப் பயம் பிடித்தது.

நாம் பஞ்சாங்கத்தை எடுத்து வரச்செய்தோம். தமக்கையார் சொன்ன கிரகணம் நிகழ்ந்த நாளிற் குழந்தை கருவில் ஏழாம் மாதத்தில் இருந்தது. அண்ணத்தின் தட்டுக்கள் ஒட்டிக்கொள்வதோ மூன்றாம் மாதம் முடியுமுன்னரே. கட்டி முடிந்த வீட்டுக்கு அத்திவாரம் தப்பென்று நான்கு மாதங்கழித்துக் கடந்துபோனவனைப் பிடித்து வழக்குப் போடுவார் உண்டா? தமக்கையார் பஞ்சாங்கத்தை இருமுறை பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், பேசாமல் எழுந்துபோய் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அன்று தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. வேலைக்குப் போனதற்கும் அதே கணக்குத்தான் என்று மருமகளுக்கு எழுதி அனுப்பினோம். தான் கருவுற்றதைத் திடமாக அறிந்து பிறர்க்குச் சொல்லிக்கொண்டிருந்த வாரங்களிலேயே அந்தத் தாடையின் கதை பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். முதலிற் செய்தது எம்மில் எவரும் எதிர்பாராதது. குழந்தையைக் குப்புறக் கிடத்தினார்கள். அவ்வளவே. மல்லாந்து கிடக்கையிற் பூமியின் ஈர்ப்பு நாக்கைத் தொண்டைக்குள் இழுக்கின்றது; குப்புறக் கிடக்கையில் அதே ஈர்ப்பு நாக்கையும் தாடையையும் முன்னே இழுக்கின்றது. கொடுத்து வாங்க வேண்டிய மருந்தொன்றும் இல்லை. சில குழந்தைகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கின்றது.

ஆனால் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் எழுதவேண்டியவராயிருக்கின்றோம். நோயற்ற குழந்தையைக் குப்புற உறங்கவிடுதல் ஆபத்து. உறக்கத்திற் காரணந் தெரியாது குழந்தைகள் இறந்துபோவதற்கும் குப்புறக் கிடத்தும் வழக்கத்துக்கும் தொடர்பிருப்பது நிறுவப்பட்ட பின்னர், பிரித்தானியாவில் 1991ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டிலும் குழந்தைகளை மல்லாந்தே கிடத்துமாறு பெரும் பிரசாரம் நடந்தது. அதன்பின் அவ்விறப்புக்கள் வெகுவாகக் குறைந்தன. எனவே இந்த முறையைச் சிறுதாடைக் குழந்தைக்கு வைத்தியர் கண்காணிப்பில், காலிற் கட்டிய சிறு ஒளிக்கருவி குருதியின் ஒட்சிசன் அளவை இரவும் பகலும் காட்டிக்கொண்டிருக்கையிற் செய்கின்றனர். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் கைவைத்தியம் அன்று இது. அவ்வாறே, எமது வீடுகளில் வழங்கும் ஏணையும் இத்தகைய குழந்தைக்கு ஆகாது. ஏணையின் வளைவில் நாடி நெஞ்சோடு அழுந்தி, இருக்கின்ற சிறு வழியும் ஒடுங்கிவிடும். படுக்கவைத்துச் சங்கால் வாயினுள் பால் வார்ப்பதும் அவ்வாறே ஆபத்தானது.

எம் பேர்த்திக்குக் குப்புறக் கிடத்தல் ஓரளவே உதவியது. குறட்டை தணிந்ததாயினும், நித்திரைப் பதிவுக் கருவி வேறு செய்தி சொல்லிற்று. மூக்கிலே காற்று ஓடுகின்றதா, நெஞ்சும் வயிறும் ஒன்றாக எழுகின்றனவா, ஒட்சிசன் குறைகின்றதா என்பவற்றை இரவு முழுவதும் பதியும் கருவி அது. வழி அடைபட்டால் நெஞ்சு தாழ வயிறு எழும். வயிறு தாழ நெஞ்சு எழும். சீசோப் பலகையின் இரு முனைகள் போல. ஒரு மணி நேரத்தில் இவ்வாறு எத்தனை தடவை நிகழ்கின்றது என்பதே நோயின் அளவுகோல். அந்தக் கணக்கைப் பார்த்தபின், குழந்தையை டியூபிங்கன் பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு அனுப்ப முடிவாயிற்று.

டியூபிங்கன் 1477ஆம் ஆண்டு தொடங்கிய பழைய பல்கலைக்கழகத்தையுடைய சிறு நகரம். 1872ஆம் ஆண்டில் மலையாள அகராதியை வெளியிட்ட குண்டர்ட் படித்த இடமும் அதுவே என்று எம் தமக்கையாருக்குச் சொன்னோம். அவர் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அங்குள்ள குழந்தை வைத்தியரும் பல்லொழுங்கு வைத்தியரும் சேர்ந்து செம்மைசெய்த அண்ணத்தட்டே இன்று அந்நகரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுவது.

செயற்கைப் பற்களைத் தாங்கும் தட்டை வாசகர் பலர் தம் வீட்டு முதியோரிடத்திற் கண்டிருப்பர். அதே வகையான பொருளால், குழந்தையின் மேல்வாயை அச்செடுத்து, அதற்குப் பொருந்த ஒரு சிறு தட்டுச் செய்கின்றனர். வாயினுள் ஒளிக்கருவியைச் செலுத்தி அளந்தெடுக்கும் முறையும் இப்போது வந்துள்ளது. தட்டு அண்ணத்தின் பிளவை மூடும். அதன் பின்முனையிலிருந்து ஒரு வால் கீழ்நோக்கி, நாவின் அடிக்குப் பின்னே இறங்கும். இந்த வாலிலேதான் முழு இரகசியமும் உள்ளது. அது நாவின் அடியை முன்னே தள்ளிப்பிடித்து, குரல்வளைமூடிக்கு மேலே வழியைத் திறந்துவைக்கின்றது. ஒரு மில்லிமீற்றர் நீண்டாற் குழந்தைக்குக் குமட்டும், குறைந்தாற் பயனில்லை. ஆகவே மூக்கின் வழியாக மெல்லிய நோக்குக்குழாயைச் செலுத்தி, வால் எங்கே நிற்கின்றது என்று கண்ணாற் பார்த்து, எடுத்து அராவி, மீண்டும் இட்டுப் பார்க்கின்றனர். வாயிலிருந்து இரு கம்பிகள் வெளியே வந்து, கன்னத்திலும் நெற்றியிலும் ஒட்டுநாடாவாற் பிணைக்கப்படும். அதன்பின் மறுபடியும் நித்திரைப் பதிவு. குறைந்ததா இல்லையா என்பதைக் கருவி சொல்லும்வரை எவரும் வெற்றியென்று சொல்வதில்லை.

மாணாக்கர் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி இங்குண்டு. தட்டு உண்மையிலேயே பயன்படுகின்றதா, அல்லது குழந்தை வளர வளரத் தானாகவே குணமாகின்றதா என்ற ஐயம் எழுதல் இயல்பு. 2007ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்றில், டியூபிங்கன் வைத்தியர்கள் 11 குழந்தைகளுக்கு வாலுள்ள தட்டையும் வாலில்லாத தட்டையும் மாறிமாறி இட்டுப் பார்த்தனர். வாலில்லாத தட்டாற் பயன் விளையவில்லை. வாலுள்ள தட்டை இட்டபோது மூச்சடைப்பின் எண்ணிக்கை 71 வீதம் குறைந்தது. ஒரே குழந்தையே தனக்கு ஒப்பீடாக நின்றது. பரிசோதனையில் ஒப்பீடு எதற்கு என்று ஆண்டுதோறும் எம்மைக் கேட்கும் மாணாக்கர்க்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நாம் அறியோம்.

தமக்கையாருக்கு ஒட்டுநாடாவைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “பச்சைப் பிள்ளையின்ரை முகத்திலை கம்பியோ? ஒரேயடியாய் வெட்டிச் சரிப்படுத்தினால் என்ன?” என்றார். இக்கேள்வியை அலட்சியஞ் செய்தல் நியாயமன்று. வெட்டும் முறைகள் பல உண்டு. 1946ஆம் ஆண்டில் அமெரிக்கரான டக்ளஸ் என்பவர் நாக்கைக் கீழுதட்டோடு தைத்துவைக்கும் முறையை எழுதினார். கழுத்திலே துளையிட்டுச் சுவாசக்குழலுக்கு நேர்வழி செய்தல் அதனிலும் பழையது. கீழ்த்தாடை எலும்பை இருபுறமும் வெட்டி, திருகாணிக் கருவியால் நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டும் முறை 1992ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியர்கள் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் பரவிற்று. இவற்றால் உயிர்பெற்ற குழந்தைகள் ஏராளம். சில குழந்தைகளுக்கு வேறு வழியே இல்லை. அவர்களிடத்திற் கத்தியைத் தாமதித்தல் பாவம். ஆனால் தாடைக்குள்ளே முளைக்கக் காத்திருக்கும் பல்லரும்புகளும் உணர்ச்சி நரம்பும் இருக்கின்றன. கழுத்துத் துளை அடைபட்டால் நிமிடங்களில் உயிர் போய்விடும். கத்தியின்றிக் காத்துநிற்க முடியுமானாற் காத்துநிற்றலே மேல் என்பது எமது கருத்து.

காத்துநிற்பதற்கு ஆதாரமும் உண்டு. 1954ஆம் ஆண்டிலேயே புருசான்ஸ்கி, ரிச்மண்ட் என்னும் அமெரிக்கர் இருவர், இத்தகைய குழந்தைகளின் கீழ்த்தாடை முதலிரண்டு ஆண்டுகளில் நன்கு வளர்வதை அளந்து காட்டினர். தாடை முற்றாகப் பிறரது அளவை எட்டிவிடும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. எட்டாவிட்டாலும், வளரும் முகத்தில் மூச்சுவழியும் உடன்வளர்கின்றது; நாக்கைத் தாங்கும் தசைகளும் வலுப்பெறுகின்றன. வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது எமது நாட்டையும் குறிப்பிடல் தகும். 1980களிலிருந்து மைக்கல் மார்ஸ் என்பவரும் அவர் துணைவரும் இலங்கைக்கு வந்து, உதடும் அண்ணமும் பிளந்து பிறந்து, வளர்ந்த பின்னும் அறுவை காணாதிருந்தோரின் முகங்களை அளந்தனர். 1990ஆம் ஆண்டு வெளிவந்த அவர்தம் கட்டுரை, கத்தி படாத மேற்றாடை முன்னோக்கி வளரும் ஆற்றலை இழக்கவில்லை என்று காட்டிற்று. இளமையிற் செய்யும் அறுவையின் தழும்பே வளர்ச்சிக்குத் தளையாகலாம் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. வறுமையாற் சிகிச்சை கிட்டாது போன எம் நாட்டவரின் முகங்களிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. பெருமைப்படுவதா துயரப்படுவதா என்று எமக்குத் தெரியவில்லை.

டியூபிங்கன் தட்டுக்குக் கைதேர்ந்தவர் பலர் வேண்டும். வாரக்கணக்கில் வைத்தியசாலையிலே தங்கவும் வேண்டும். அதனிலும் எளியது மூக்குக்குழாய். மெல்லிய குழாயொன்றை அளந்து வெட்டி, ஒரு நாசித்துவாரத்தின் வழியாகச் செலுத்தி, அதன் நுனி நாவின் அடியைக் கடந்து, குரல்வளைமூடிக்குச் சற்று மேலே நிற்குமாறு அமைத்துக் கன்னத்தில் ஒட்டிவிடுகின்றனர். நாக்கு எங்கே விழுந்தாலும் காற்று குழாய்க்குள்ளே ஓடும். இலண்டன் கிறேட் ஓமண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையினர் 1982ஆம் ஆண்டில் இதைப்பற்றி எழுதினர். குழாயில் அடையும் சளியை உறிஞ்சி எடுக்கவும், குழாயை மாற்றவும் பெற்றோர்க்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் வளர்ந்தது. விலையுயர்ந்த பொருள் எதுவும் இதில் இல்லை. எமது போன்ற நாடுகளில் முதலிற் பரவவேண்டியது இந்த முறையே என்று கருதுகின்றோம். மூக்கில் இட்ட கருவியாற் காற்றை இடைவிடாத அழுத்தத்தோடு செலுத்தி வழியைத் திறந்துவைக்கும் முறையும் உண்டு. வெறும் ஒட்சிசன் கொடுத்தல் மட்டும் போதாது. அடைபட்ட வாய்க்காலின் தலைப்பில் எத்தனை குடம் ஊற்றினாலும் வயலுக்கு நீர் போகாதன்றோ.

முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும் அப்பேர்ட், குறூசோன் என்னும் கோளாறுகளிலே தடை மூக்கிலும் மேற்றாடையிலும் இருப்பதால், மேற்சொன்னவற்றை அப்படியே பொருத்திப் பார்த்தல் கூடாது. அவை தனியே எழுதவேண்டிய பொருள்.

தட்டு இட்ட மூன்றாம் நாள் குழந்தையின் நித்திரையை மருமகள் திரையிற் காட்டினாள். நெஞ்சு குழியவில்லை. குறட்டையும் இல்லை. “சத்தமில்லாமல் நித்திரை கொள்ளுது மாமா. சத்தமில்லாததாலை எனக்கு நித்திரை வரேல்லை” என்றாள். கத்தி படாத வைத்தியத்தின் விலை இங்கேதான் இருக்கின்றது. அறுவை என்றாற் சில மணி நேரம் வைத்தியர் உழைப்பார். வீட்டார் வாயிலிலே காத்திருப்பார்கள். இங்கோ மாதக்கணக்கில் வீட்டாரே வைத்தியர். நாள்தோறும் தட்டைக் கழற்றிக் கழுவி, பசையிட்டு மீண்டும் பொருத்தல். கன்னத்துத் தோல் புண்ணாகாதபடி ஒட்டுநாடாவை இடம்மாற்றல். பிளவுண்ட அண்ணத்தாற் குழந்தை உறிஞ்ச இயலாதாகையால், பாலைக் கறந்தெடுத்து, விசேட சூப்பிப் போத்தலில், குழந்தையை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாக ஊட்டல். நாக்கும் உதடும் வலுப்பெற விரலால் நீவிக்கொடுத்தல். மருமகளின் கணவர் இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறி, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, நள்ளிரவுக்குப் பின்னான காவலைத் தாம் ஏற்றுக்கொண்டார். தட்டைக் கழுவிப் பொருத்துவதில் மனைவியைவிடத் தாமே வேகமென்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு.

நாலு கிலோ வந்த அன்று தராசின் படத்தை அனுப்பினார்கள். தமக்கையார் அதைப் பூசையறையில் விளக்கின் அருகே வைத்துவிட்டார். தாய்ப்பாலை நேரே கொடுக்க முடியவில்லையே என்ற அவரது மனக்குறை மட்டும் நெடுநாள் நீங்கவில்லை. கறந்து கொடுத்தாலும் அதே பால்தான் என்று தாதிமார் சொன்னதை மகள் சொல்லக் கேட்டு, பின்னர் அதையே அயலவர்க்குத் தாம் எடுத்துரைக்கத் தொடங்கினார். “வெட்டினவையோ?” என்று கேட்டு வந்த ஒரு முதியவளுக்கு அவர் அண்ணத்தட்டின் வாலைப் பற்றி அரைமணி நேரம் விளக்கியதை நாம் அடுத்த அறையிலிருந்து கேட்டோம். குண்டர்ட்டின் பெயரும் அதில் வந்தது.

ஆறாம் மாதத்தில், தட்டில்லாது எடுத்த நித்திரைப் பதிவு நன்றாக இருந்தபடியால், அதனைக் கழற்றிவிட்டார்கள். நாடி இன்னும் சிறியதுதான். முன்னைக்கு இப்போது கழுத்திலிருந்து பிரிந்து தெரிகின்றது. கண்களைச் சோதித்ததிற் குறையொன்றும் காணப்படவில்லை. கத்தியை முற்றாகத் தவிர்த்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. அண்ணத்தின் பிளவைத் தட்டாற் குணமாக்க இயலாது. ஒரு வயதை அண்டி அதற்கு அறுவை செய்தே ஆகவேண்டும். மூச்சு சீரான, நிறை ஏறிய உடலோடு பிள்ளை அம்மேசைக்குப் போகும் என்பதே வேறுபாடு. பிளவுண்ட அண்ணமுள்ள பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தங்கிக் கேள்வி மந்தமாவது சாதாரணமாகையால், அதற்கு முன்பு செவிகளையும் பார்க்க இருக்கின்றார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டாந் திகதி நாள் கொடுத்திருக்கின்றனர். மருமகளின் கணவர் அன்றைக்கு விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டாராம்.